போர்டு பார்த்து எடுத்த படிப்பு

நான் பி.ஏ. வரலாறு படித்ததற்கு என் ஆசை காரணமில்லை. மார்க் குறைந்ததும் காரணமில்லை. தஞ்சாவூரில் வக்கீல்கள் வீட்டு வாசலில் மாட்டியிருந்த போர்டுகள்தான் காரணம். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய அப்பாக்கள் அவர்களுக்காகப் போர்டு பார்க்கப் போகவில்லை.

நிலத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் போர்டு விஷயம் புரியாது. எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். ஊரில் பாதிக்கு மேல் துரைராசுவின் பண்ணை. எங்கள் தெருவில் குடியிருந்த அத்தனை பேரும் அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்கள், என் அப்பா வைரக்கண்ணு உள்பட. ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று புது அரசாங்கம் சட்டம் போட்டதும் துரைராசு அசரவில்லை. ஆட்களை டிராக்டர் பெட்டியில் ஏற்றிக் குடவாசல் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தை அவர்கள் பேரில் எழுதி, கைநாட்டு வாங்கி, இட்லி வாங்கிக் கொடுத்து, அதே பெட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்பா பேருக்கு முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர், வந்தது. மறுநாள் காலையில் அந்த முக்கால் வேலியில் அப்பா களை பறித்தார், கூலிக்கு.

"இன்னக்கி எங்க வேல?" என்று அம்மா கேட்டால், "நம்ம நெலத்துலதான்" என்பார். தெருவே சிரிக்கும்.

சிரிப்பு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று கொடி கட்டிய மேடையிலெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. விவசாயச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். நம்ம பேருல இருந்தா அது நம்ம நெலமா, இல்லியா? இதை யாரிடம் கேட்பது? வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எங்களுக்குத் தெரிந்த வக்கீல்கள் எல்லாம் துரைராசு வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள். ஆகவே தெரு கூடி ஒரு முடிவு எடுத்தது. நம்ம தெருவிலிருந்தே ஒரு வக்கீலைக் கிளப்ப வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய ஆள் தெருவில் நான் ஒருவன்தான். அப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கி பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். போட்டியே இல்லாமல் வக்கீல் பதவி என் தலையில் விழுந்தது. அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் எனக்காக ஒதுக்குவது என்று தெருவே ஒப்புக்கொண்டது.

வக்கீல் ஆவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வேண்டியது பிசிக்ஸ், அவ்வளவுதான். பி.யூ.சி. லேபில் ஒரு நாள் ஜன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, நடுவில் கண்ணாடி வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்திக்கொண்டே வந்தேன். திடீரென்று வெளியே நின்ற புளியமரம் தாளுக்குள் தலைகீழாக வந்து நின்றது. பச்சை நிறம் மாறவில்லை, இலை அசைவதுகூடத் தெரிந்தது. மணி அடித்து எல்லாரும் போன பிறகும் நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று தோன்றியது. பதினேழு வயதில் அப்படித் தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லையே.

முதலில் மூன்று வருஷம் பி.எஸ்சி. பிசிக்ஸ், அதற்கப்புறம் சட்டம். இதுதான் என் கணக்கு. அப்பாவிடம் சொன்னேன்.

"அதப் படிச்சா வக்கீலுக்குப் போவ வுடுவாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"இரு, நான் போயி விசாரிச்சிட்டு வர்றேன்."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. குடவாசலில் வாழை இலை வியாபாரம் செய்த பக்கீர் முகம்மது பாய் அவருக்குச் சிநேகிதர். இலைக்கட்டோடு பாய் தஞ்சாவூருக்குப் போகும்போது அப்பாவும் கூடவே வேனில் ஏறிப் போய்விட்டார். சந்தையில் இலையை இறக்கிவிட்டு இரண்டு பேரும் வக்கீல்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போனார்கள். உள்ளே போய் ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். வாசலில் நின்று, பாய் ஒவ்வொரு போர்டாகப் படிக்க, அப்பா கேட்டுக்கொண்டே நடந்தார். தெருவின் ஒரு பக்கம் முடித்து, திரும்பி வரும்போது மறுபக்கம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அத்தன போர்டுலயும் பி.ஏ., பி.எல்.தான் போட்ருக்கான். ஒண்ணுல கூட நீ சொல்ற படிப்பு இல்ல. மொதல்ல பி.ஏ., அதுக்குப் பின்னாடிதான் பி.எல்."

"காலேஜ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்ப்பா."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நான் கண்ணால பாத்துட்டு வந்துருக்கேன்."

விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். விடுதியில் மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "பி.ஏ.ன்னா சந்தேகமே இல்ல. எதுக்கு வம்பு?" என்றார். எந்த பி.ஏ. என்பதையும் முந்தின ராத்திரியே தெரு தீர்மானித்திருந்தது. மேடையில் பேசி மந்திரியாகிறவர்கள் எல்லாம் தமிழ் படித்தவர்கள், ஆகவே தமிழ்தான் என்றது ஒரு கட்சி. அப்பா ஒரே பேச்சில் அதை முடித்துவைத்தார். "சரித்திரம் படிக்கட்டும். எந்த நெலம் ஆதியில யாருகிட்ட இருந்துச்சின்னு அதுலதான எழுதியிருப்பாங்க?" இதற்கு மேல் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அப்படித்தான் நான் மூன்று வருஷம் பானிபட் யுத்தங்களை நெட்டுருப் போட்டேன். மூன்று யுத்தம். எதில் யார் ஜெயித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நெப்போலியன் எந்தத் தீவில் செத்தான் என்று சொல்வேன். எங்கள் ஊர் நிலம் ஆதியில் யாரிடம் இருந்தது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கள் வகுப்புக்கு நேர் எதிரே பிசிக்ஸ் லேப். வாத்தியார் ஐரோப்பாவில் இருக்கும்போது நான் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும். ஆனாலும் வக்கீல் ஆவதற்கு வேறு வழி இல்லை என்று நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மெட்ராசில் சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், நீடாமங்கலம், பேர் ஜெகபர் அலி. ஊர்க்காரன் கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

"டிகிரி என்ன பண்ணீங்க?" என்றேன்.

"பி.எஸ்சி. பிசிக்ஸ்" என்றான், வெற்றிலை மடித்துக்கொண்டே.

"பிசிக்ஸ் படிச்சிட்டு இங்க எப்படிச் சேத்தாங்க?"

"ஏன், சேக்காம என்ன? ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதுமே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யார்மேல் கோபப்படுவது? அப்பா மேலா, பாய் மேலா, எல்லாரும் ஒரே படிப்பைப் படித்துத் தொலைத்த அந்தத் தெரு வக்கீல்கள் மேலா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் பி.எஸ்சி. படித்துவிட்டு வந்து போர்டு மாட்டியிருக்கக் கூடாதா?

ஊரில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்தப் போர்டு பார்த்த கதைதான் அப்பாவின் பெருமை. கோயில் திருவிழாவில், சாவு வீட்டில், நடவு வயல் வரப்பில், யார் கிடைத்தாலும், "இவன் வக்கீலானதுக்கு நான்தான் வழி கண்டுபுடிச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வக்கீலாகி வந்ததும் திருவாரூர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். எங்கள் பேரில் பத்திரம் இருக்கிறது, நிலத்தை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். துரைராசுவால் அது என் நிலம் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அதனால் என்ன சொன்னார் தெரியுமா? தான் வைரக்கண்ணுவின் குத்தகைதாரன் என்றார். சொந்த உழைப்பில் பயிர் செய்கிற ஏழைக் குத்தகைதாரன், ஏழைக் குத்தகைதாரனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றார். எங்களுக்காகப் போட்ட சட்டத்தைக் கார் வைத்திருந்த மனுஷன் போர்த்திக்கொண்டு நின்றார்.

எட்டு வருஷம் வாய்தா. துரைராசு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். நடவுக்கும் அறுப்புக்கும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவேன் என்று ஒருத்தரிடம், பெண் கல்யாணத்துக்கு உதவுகிறேன் என்று இன்னொருத்தரிடம். எனக்கு நெல் கொடுத்துப் படிக்கவைத்த தெரு, ஒவ்வொரு வீடாகப் போய் நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அடுப்பு எரிய வேண்டும். கடைசியில் வழக்கில் நின்றது அப்பா ஒருவர்தான். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம்கூட, "கேஸ் முடியட்டும்" என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பைக் கொடுத்து அந்த முக்கால் வேலியை வாங்கியிருந்தேன். அது கைக்கு வராமல் நான் எங்கே போவது?

போன சித்திரையில் ஒரு நாள் வாய்தாவுக்குப் போய்விட்டு வெயிலில் வெந்து வந்தேன். நீதிபதி விடுப்பு. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏண்டா இப்புடி எப்பவும் கடுகடுன்னு இருக்க? அப்பா அன்னக்கி போர்டு பாத்துட்டு வரலன்னா நீ வக்கீலாயிருப்பியா?"

அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்படியே கொட்டிவிட்டது.

"போர்டும் மண்ணாங்கட்டியும்! எந்தப் படிப்பு படிச்சாலும் வக்கீலாவலாம். நான் கேட்டதயே படிச்சிட்டு வக்கீலானவன் என் பக்கத்துக் கட்டில்ல படுத்துக் கெடந்தான். இவரு ரோட்டுல நின்னு போர்டு படிக்கச் சொல்லிக் கேட்டாராம், அதுக்கு நான் மூணு வருசம் எவன் எவன் சண்டையையோ படிச்சேன். இப்ப இந்தக் கேசக் கட்டிக்கிட்டு அழுவறேன்!"

அப்பா கதவோரம் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். காம்பை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு போர்டு கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்ததையும் மறைப்பானேன்?

ஐப்பசியில் வழக்கு திரும்பியது. துரைராசு சாட்சிக் கூண்டில் ஏறினார். நான் கேட்டது சாதாரணக் கேள்விகள். உங்கள் சொந்த உழைப்பில் பயிர் செய்யும் வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது? இந்த வருஷம் என்ன நெல் போட்டீர்கள்? வயலுக்கு வடக்கே யார் வரப்பு? அவர் தன் வக்கீல் சிவசாமியின் முகத்தைப் பார்த்தார். சிவசாமி காகிதத்தைப் பார்த்தார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். வக்கீலாகி முதல் தடவை எனக்கு என் தொழில் பிடித்திருந்தது. கார்த்திகையில் வாதம், உடனே தீர்ப்பு. ஜெயிப்பது நிச்சயம். பஸ்ஸில் வரும்போது அந்த வயலில் அப்பா சொந்தக்காரராக இறங்குவதை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பானிபட்டுக்கும் ஒரு அர்த்தம் கிடைத்துவிடும் போல இருந்தது.

வாதத்துக்குப் போன அன்று சிவசாமி என்னை வராந்தாவில் நிறுத்தினார். நல்ல மனுஷர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெத்தினம், உங்களுக்குத் தெரியாதா? உங்கப்பா போன வாரம் குடவாசல்ல எழுதிக் குடுத்துட்டாரே. பத்திரம் எங்ககிட்ட இருக்கு. நீங்க சொல்லித்தான் பண்ணாருன்னு நெனச்சோம்."

கைநாட்டைக் காட்டினார். அப்பாவுடையதுதான். கட்டைவிரலின் குறுக்கே அரிவாள் வெட்டின தழும்பு அப்படியே விழுந்திருந்தது. கருப்புக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். குடவாசல் வரைக்கும் எனக்குள் நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்பா வாய்க்காலில் நின்று வெங்காயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் இடுப்பளவு நின்றது. நான் வரப்பில் நின்றேன்.

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"ஏம்ப்பா? மெரட்டினாரா?"

"இல்ல. நானாத்தான் போனேன்."

"நீயாத்தான் போனியா? ஜெயிக்கிற கேசுப்பா அது! இன்னும் ஒரே ஒரு வாய்தா!"

"எட்டு வருசமா ஒரே ஒரு வாய்தாதான் தம்பி" என்றார். குரலில் குத்தல் இல்லை. கரையேறி வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் எதிரே நின்றார். "கேசு இருக்கறவரைக்கும் நீ இந்த ஊர வுட்டுப் போவ மாட்ட. அதான் முடிச்சிட்டேன். நீ போயி அந்தப் படிப்பப் படி."

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் படிப்ப?"

"நீ அன்னக்கிக் கேட்டியே, அதான். நான்தான் கெடுத்துட்டேன். சித்திரையில நீ சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. பாயையும் அழச்சிக்கிட்டு தஞ்சாவூரு காலேசுக்கே போயிட்டு வந்தேன். இந்தத் தடவ போர்டெல்லாம் பாக்கல. நேரா உள்ளயே போயிட்டோம்." சொல்லும்போது அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது. "அந்தப் படிப்பு இன்னும் இருக்காம் தம்பி. ஆபீசுல ஒருத்தரு நல்லாப் பதில் சொன்னாரு. பையன் என்ன மார்க்குன்னு கேட்டாரு. பி.யூ.சி.யில நீ வாங்கினதச் சொன்னேன், எனக்குத்தான் மனப்பாடமாச்சே. நல்ல மார்க்கு, ஆனியில கூட்டிக்கிட்டு வாங்க, கெடச்சிரும்ன்னாரு. தொரராசு குடுத்தத ஒங்கம்மாகிட்ட குடுத்து வச்சிருக்கேன். ஆஸ்டலு செலவுக்கு ஆவும்."

கத்த வேண்டும் போலிருந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் அவர் மேலே சட்டை போடவில்லை. எலும்பும் சேறுமாக நின்றார். என் படிப்பைத் தெரியாமல் கெடுத்தவர், அதைத் திருப்பித் தருவதற்காக, அந்தப் படிப்பை விட்டதற்கு எனக்கு வரவிருந்த ஒரே கூலியான நிலத்தைத் தெரிந்தே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதற்கு எப்படிக் கோபப்படுவது? கோபம் வந்தது. வந்த கோபத்துக்குப் போக இடமில்லை.

"அப்பா, எனக்கு வயசு முப்பத்துமூணு."

"தெரியும். அதுக்கென்ன?"

"அந்தப் படிப்புல பதினேழு, பதினெட்டு வயசுப் புள்ளைங்களத்தான் சேப்பாங்க. அவரு ஒம் மவன சின்னப் பையன்னு நெனச்சிட்டாரு."

"அவரு வயசு கேக்கலையே."

"நீ சொன்னியா?"

"கேக்கல, சொல்லல. நல்ல மார்க்குன்னாரே" என்றார்.

"மார்க்கு நல்ல மார்க்குதான். எனக்கு இனிமே சீட்டு கெடைக்காதுப்பா. எந்தக் காலேஜ்லயும் கெடைக்காது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவர் பேரில் பதினாறு வருஷம் இருந்த முக்கால் வேலியும் அங்கேதான் இருந்தது. சேறு போகாத கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நெலம்?" என்றார்.

எங்கள் தெருவில் அதற்குப் பதில் சொல்லப் படித்தவன் நான் ஒருவன்தான். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.